பேனா முதல் சிற்றலை வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டைப் பையில் மை பேனா, கையில் சாவி கொடுக்கும் கடிகாரம், மொட்டை மாடியில் நீளமாக ஒரு செம்புக் கம்பி. இவற்றைப் பார்க்கிற நண்பர்களும் உறவினர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவரவருக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சொல்வதற்கு நிறைய இருக்கும் இடத்தில் பதில் நீளும்.

செல்பேசியிலேயே எல்லாம் இருக்கிறதே, இந்தப் பழைய சாமான்கள் எதற்கு?

செல்பேசியை நான் குறை சொல்வதில்லை. ரயில் டிக்கெட் எடுப்பதும் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதில்தான். பழையது என்பதற்காக மட்டும் எதையும் நான் வைத்துக்கொள்வதும் இல்லை. ஒரு கருவியை வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வேன். கெட்டுப்போனால் இதைத் திறக்க முடியுமா? திறந்தால் உள்ளே நடப்பது எனக்குப் புரியுமா? ஒரு பாகம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அந்தப் பொருள் என்னோடு ஐம்பது வருடம் இருக்கலாம். திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் பசையைப் போட்டு ஒட்டி, பேட்டரி வீங்கினால் முழுவதையும் தூக்கியெறியச் சொல்லும் பொருளைக் காசு கொடுத்து வாங்கினாலும் அது முழுதாக நமக்குச் சொந்தமாவதில்லை என்று உறுதியாக நம்புகிறேன். இப்படிப் பார்த்தால் சில புதிய பொருள்கள் நன்றாகத் தேறுகின்றன. சில பழைய பொருள்கள் தேறுவதில்லை.

மை பேனாவில் எழுதினால் கையெழுத்து அழகாகிவிடுமா?

தானாக ஆகாது. ஆனால் கை வலி குறையும், அது நிச்சயம். பால் பாயிண்ட் பேனாவில் இருப்பது கெட்டியான எண்ணெய் மை. முனையிலுள்ள குண்டு உருண்டால்தான் மை இறங்கும். அது உருள வேண்டுமானால் தாளில் அழுத்த வேண்டும். மை பேனாவில் தண்ணீர் போன்ற மை, நிப்பின் நடுவே இருக்கும் மெல்லிய பிளவில் நுண்புழை விசையால், அதாவது நுண்ணிய இடுக்கில் திரவம் தானே ஏறி நிற்கும் விசையால், வந்து நிற்கிறது. தாளைத் தொட்டால் போதும், இறங்கிவிடும். மூன்று மணி நேரம் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். விரலில் இறுக்கம் போனதும் எழுத்தின் வளைவுகள் நிதானமாக வரத் தொடங்கும். நம் எழுத்துகளில் நேர்கோட்டைவிடச் சுழியும் வளைவும்தான் அதிகம் என்பதால் தமிழ் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பயன் இன்னும் கூடுதல். ஆறு மாதம் தொடர்ந்து எழுதிவிட்டுப் பழைய நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மை பேனா சட்டையெல்லாம் கசிகிறதே?

பேனாவைக் குற்றம் சொல்லும் முன் உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று பாருங்கள். மூடியைக் கழற்றி நேரடியாக மை ஊற்றும் பேனாக்களில், மை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. கால் பங்கு மைதான் மிச்சம் என்றால் நிப்பின் ஓரம் ஒரு சொட்டு வந்து நிற்பது இதனால்தான். தீர்வு எளிது: மை பாதிக்குக் கீழே இறங்கும்போதே ரொப்பிவிட வேண்டும்.

மை வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சீராக நடத்துவது நிப்பின் அடியில் ஒட்டியிருக்கும் வரிவரியான கட்டை. அதில் நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டி, மை ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வடிவத்துக்கு 1884இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றார். இன்றைய பேனாக்களும் அடிப்படையில் அதே வழியில்தான் வேலை செய்கின்றன.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம். படம் வரையும் இந்தியன் இங்கை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு கலந்திருப்பதால் காய்ந்ததும் வாய்க்கால்களை அடைத்துவிடும்.

நல்ல பேனா வாங்க வெளிநாட்டுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் எபோனைட் தண்டுகளைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து கையால் பேனா செய்கிறார்கள். அங்கே செய்யப்படும் ரங்கா பேனாக்களை உலகம் முழுவதும் பேனாப் பிரியர்கள் தேடி வாங்குகிறார்கள். எபோனைட் என்பது இயற்கை ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து இறுக வைத்த பொருள். பிளாஸ்டிக் போலக் கையில் குளிர்ந்து வழுக்காது. மை அதன் மேல் நன்றாகப் படரும். அதனால்தான் நிப்புக்கு அடியிலுள்ள கட்டையை எபோனைட்டில் செய்தால் மை தடையில்லாமல் வருகிறது. ஒரு எச்சரிக்கை: கருப்பு எபோனைட்டை வெயிலில் போட்டு வைத்தால் நாளடைவில் பழுப்பேறிவிடும்.

எந்த மை என்று தொடர்ந்து கேட்பார்கள். நாள்தோறும் எழுத எந்த நீல மையும் நல்லதுதான். பல ஆண்டு நிற்க வேண்டிய ஆவணம் என்றால் இரும்பு உப்பும் தாவரத் துவர்ப்புச் சத்தும் சேர்ந்த மை வேண்டும். அது எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்று பட்டதும் கறுக்கும். அதைப் பேனாவுக்குள் காய விடக் கூடாது.

சாவி கொடுக்கும் கடிகாரம் சரியாக நேரம் காட்டுமா?

ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போகும். அதை ஒப்புக்கொண்டுதான் கட்ட வேண்டும்.

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட் என்ற பெயர்களைக் கேட்டாலே அப்பாவின் கை நினைவுக்கு வரும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஜனதாவின் உள்ளே இருக்கும் சமநிலைச் சக்கரம் மணிக்கு 18,000 முறை தட்டும். நொடிக்கு ஐந்து தட்டு. காதருகே வைத்தால் அந்த ஐந்தும் கேட்கும். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இப்படி ஓர் எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால், பதினைந்தாவது அடுக்கில் வருவது 32,768. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். எளிய மின்சுற்றே இந்தப் பாதியாக்கும் வேலையைச் செய்துவிடும். எவ்வளவு அழகான யோசனை! அதன் துல்லியம் மாதத்துக்குச் சில நொடிகள். 1969 டிசம்பரில் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1987இல் ஓசூரில் டைட்டன் ஆலை குவார்ட்ஸ் கடிகாரம் செய்யத் தொடங்கிய பிறகு சாவிக் கடிகாரங்களின் காலம் இறங்கத் தொடங்கியது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடும் முடிவு 2016இல் வந்தது.

துல்லியம்தான் வேண்டும் என்றால் கேசியோ எஃப்-91டபிள்யூ வாங்குங்கள். 1989இல் வந்த மாதிரி, இன்றும் கடையில் கிடைக்கிறது. ஒரு பேட்டரி ஏழு வருடம் வரை போகும். பின்பக்க மூடி சின்னத் திருகாணிகளால் பொருத்தப்பட்டது, யாரும் கழற்றலாம். என் மூன்று கேள்விகளிலும் தேறும் மின்னணுப் பொருள் அது.

சாவிக் கடிகாரத்தை நான் கட்டுவது வேறு காரணத்துக்கு. காலையில் இருபது, முப்பது திருகு திருகும்போது அந்த நாளுக்கான விசை என் விரலிலிருந்து உள்ளே போகிறது. பின்மூடியைத் திறந்தால் சுருள்வில், பற்சக்கர வரிசை, தடுத்துத் தடுத்து விடும் நெம்பு, சமநிலைச் சக்கரம் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் முழுவதையும் விளக்கிவிடலாம். திடீரென ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடுகிறதா? பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஒலிபெருக்கிப் பக்கம் வைத்திருப்பீர்கள். கடிகாரக் கடையில் காந்தத்தை இறக்கித் தருவார்கள்.

ஸ்மார்ட்வாட்ச் பற்றி?

இதய நோயாளிக்கும் ஓட்டப் பயிற்சி செய்கிறவருக்கும் பயன்படும். மற்றவர்களுக்கு அது அடிக்கடி சார்ஜ் கேட்கும் இன்னொரு திரை.

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி இன்னுமா இருக்கிறது?

இருக்கிறது. குறைந்துவிட்டது என்பது உண்மை. அந்தக் குறை எனக்கு மிகவும் வலிக்கிறது. கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய வானொலி, போருக்குப் பிறகு ராணுவத்தின் வலிமையான சிற்றலை ஒலிபரப்பியைப் பெற்றது. அதன் பிறகு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாம் கேட்டார்கள். 1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 2017இல் நின்றது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரவுச் செய்தி நேரம் வீட்டின் கடிகாரமாகவே இருந்தது. இன்று ரேடியோவைத் திருப்பினால் பிபிசியின் ஆங்கிலச் சேவை, சீன வானொலியின் பல மொழி நிகழ்ச்சிகள், அரபு நாட்டு இசை, பிரசங்கங்கள், நடுநடுவே புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் ஒலிகள் கேட்கும்.

இணையத்தில் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். ஆனால் இணையம் வழியே வருகிற நிகழ்ச்சியை நடுவில் எத்தனையோ பேர் நிறுத்த முடியும்: கட்டணம் கட்டாவிட்டால் நிற்கும், கோபுரத்தில் மின்சாரம் போனால் நிற்கும், அரசு வேண்டாம் என்றால் நிற்கும். சிற்றலையில் அனுப்புகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே இருப்பது வானம் மட்டும்தான். நீங்கள் கேட்பது யாருக்கும் தெரியாது. புயலுக்குப் பின் செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்து கிடக்கும் ஊரில் மூன்று பேட்டரி செல்லில் ஓடும் ஒரு ரேடியோ என்ன மதிப்புப் பெறும் என்பதைக் கடற்கரை மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரே நிலையம் இரவில் கேட்கிறது, பகலில் காணாமல் போகிறது. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். சூரியனின் புறஊதாக் கதிர் மேல்வளிமண்டலத்தின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. இப்படி மின்னேற்றம் பெற்ற அடுக்குகள்தான் அயனி மண்டலம். ஏறத்தாழ 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அடுக்கு, சிற்றலைகளை வளைத்து மீண்டும் பூமிக்கு அனுப்புகிறது. அலை தரையில் பட்டு மறுபடி மேலே போகும், மறுபடி திரும்பும். இப்படித் தாவித் தாவியே ஐரோப்பாவின் குரல் நம் திண்ணைக்கு வந்து சேர்கிறது.

பகலில் இதற்கெல்லாம் கீழே, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இன்னோர் அடுக்கு உருவாகும். அது வளைக்காது, குறைந்த அதிர்வெண் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு விரைவில் கரைந்துவிடும், மேலடுக்கு மட்டும் மிஞ்சும். அதனால் இரவில் 49, 41 மீட்டர் அலைவரிசைகள், அதாவது ஏறத்தாழ 6, 7 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள், உயிர் பெறுகின்றன. பகலில் 19, 16 மீட்டர் போன்ற மேல் அலைவரிசைகளைத் தேடுங்கள். 31 மீட்டர் அந்தி வேளைக்கு மிகவும் நல்லது. மீட்டரை மெகாஹெர்ட்ஸாக்க 300ஐ அதால் வகுத்தால் போதும்.

மாலை ஆறரை மணிக்கு 31 மீட்டரில் முள்ளை மெல்ல நகர்த்துங்கள். கிழக்கே இருள் முந்தி வருவதால் முதலில் கிழக்கு நாட்டு நிலையங்கள் தெளியும், பிறகு ஒவ்வொன்றாக மேற்கு எழும்பும். பூமி சுழல்வதைக் காதால் கேட்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. இதற்கு மேல் பதினோரு ஆண்டு சுழற்சி ஒன்று இருக்கிறது: சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் மேல் அலைவரிசைகள் திறக்கும், குறையும் ஆண்டுகளில் அடங்கும்.

ரேடியோவில் வெறும் இரைச்சல்தான் வருகிறது. என்ன செய்வது?

வீட்டுக்குள் இருக்கும் எல்.இ.டி. பல்பு, செல்பேசி சார்ஜர், இணைய மோடம் மூன்றையும் அணைத்துப் பாருங்கள். மிக மலிவான சார்ஜர்கள்தான் பெரும்பாலும் எதிரி. பிறகு பத்து மீட்டர் செம்புக் கம்பியை மாடியில் கட்டி, அதன் முனையை ரேடியோவின் ஏரியலோடு இணையுங்கள். இடி மின்னல் நேரத்தில் அதைக் கழற்றிவிட மறக்கக் கூடாது.

ஹாம் ரேடியோ என்றால் என்ன? யார் வேண்டுமானாலும் செய்யலாமா?

கேட்பதோடு நிற்காமல் பேசவும் செய்யும் பொழுதுபோக்கு. பேசுவதற்கு உரிமம் வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள பிரிவு தேர்வு வைத்து உரிமம் தருகிறது. பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் எழுதலாம். அடிப்படை மின்னியல், வானொலி விதிகள் ஆகியவற்றில் கேள்விகள் வரும். முதல் நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. தேறியவருக்கு வி.யூ. என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். உலகில் வேறு யாருக்கும் அந்தக் குறி இருக்காது. ராஜீவ் காந்திகூட உரிமம் பெற்ற ஹாம்தான்.

இதை வெறும் விளையாட்டு என்று நினைப்பவர்களிடம் 2004 டிசம்பரைப் பற்றிச் சொல்வேன். பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானின் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் வானொலி ஒலிப்பது மிக அரிது என்பதால் உலகெங்கும் உள்ளவர்கள் அவர்களோடு தொடர்புகொள்ளப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி காலை நிலம் நடுங்கியது, கடல் ஏறியது, தொலைபேசிகள் செத்தன. அதே கருவிகளை வைத்துக்கொண்டு அந்தக் குழு தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே செய்தி அனுப்பத் தொடங்கியது. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்த குடும்பங்களுக்குப் பதில் சொன்னது. பொழுதுபோக்காகப் பழகிய கை அன்று மீட்புப் பணியில் நின்றது. ஒவ்வொரு கடற்கரை மாவட்டத்திலும் பத்துப் பள்ளிகளிலாவது ஹாம் மன்றம் இருக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

மறு ஆண்டே, 2005 மே மாதம், ஹாம்சாட் என்ற சிறு செயற்கைக்கோளை ஹாம்களுக்காகவே இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. கையில் பிடித்த ஏரியலோடு மாடியில் நின்று அதன் வழியே பேசியவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு.

கால்குலேட்டர் இருக்கும்போது நழுவுகோல் எதற்கு?

நழுவுகோல் (ஸ்லைடு ரூல்) என்பது ஒன்றின் மேல் ஒன்று நகரும் அளவுகோல்களால் பெருக்கிப் பார்க்கும் கருவி. வேலைக்குத் தேவையில்லை. மடக்கை (லாகரிதம்) என்றால் என்ன என்று புரிவதற்குத் தேவை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் தேர்வுக்கு லாக் டேபிளோடு போன எத்தனையோ பேர் அது ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை; யாரும் காட்டவில்லை.

வீட்டிலேயே செய்து பாருங்கள். இரண்டு அட்டைப் பட்டைகளை எடுத்து, இரண்டிலும் இடப்பக்க முனையில் 1 என்று எழுதுங்கள். அங்கிருந்து 7.5 செ.மீ. தள்ளி 2, 11.9இல் 3, 15.1இல் 4, 17.5இல் 5, 19.5இல் 6, 21.1இல் 7, 22.6இல் 8, 23.9இல் 9, 25இல் 10. இப்போது மேல் பட்டையின் 1ஐக் கீழ்ப் பட்டையின் 2க்கு நேரே வையுங்கள். மேல் பட்டையின் 3க்கு நேர் கீழே பார்த்தால் 6 இருக்கும். நீங்கள் செய்தது இரண்டு நீளங்களைக் கூட்டியது, கிடைத்தது பெருக்கல். அட்டவணையிலும் இதுவேதான்: 2இன் மடக்கை 0.3010, 3இன் மடக்கை 0.4771, கூட்டினால் 0.7781. ஆறின் மடக்கை 0.7782 என்று அச்சிட்டிருக்கும். கடைசி இலக்கத்தில் வரும் அந்த ஒன்று, நான்கு இலக்கத்தோடு நிறுத்தியதால் வந்த பிழை. துல்லியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இந்த ஒற்றை எண்ணே கற்றுக்கொடுத்துவிடும்.

ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டது 1614இல். சில ஆண்டுகளுக்குள் வில்லியம் ஆட்ரெட் நழுவுகோலை அமைத்துவிட்டார். அப்பல்லோ பயணங்களில் விண்வெளி வீரர்களோடு நழுவுகோலும் போனது. 1972இல் எச்.பி.-35 கால்குலேட்டர் வந்த பிறகு சில ஆண்டுகளிலேயே இது வழக்கொழிந்தது. நழுவுகோல் தசமப் புள்ளியைக் காட்டாது. விடை 6ஆ, 60ஆ, 600ஆ என்பதை நீங்கள்தான் மனத்தில் மதிப்பிட வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குப் பழக்கிவிட வேண்டிய திறமை அதுதான் என்பேன்.

தமிழில் தட்டச்சு செய்ய எந்த முறை நல்லது?

தமிழ்99. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.

ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலியை அடித்துத் தமிழாக மாற்றும் முறைதான் இன்று பரவலாக இருக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மூளை முதலில் ரோமன் எழுத்தில் கூட்டிப் பார்க்க வேண்டும். ல, ள, ழ மூன்றுக்கும் ந, ன, ண மூன்றுக்கும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று தடுமாற வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த இணையத் தமிழ் மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 இந்தத் தொல்லையை அடியோடு நீக்குகிறது. உயிரெழுத்துகள் இடக் கையில், மெய்கள் பெரும்பாலும் வலக் கையில். விரல் இயல்பாக நிற்கும் நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந. அதிகம் வரும் எழுத்துகள் அதிகம் எட்ட வேண்டாத இடத்தில் இருக்கின்றன.

இதன் உண்மையான அழகு புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குத் தானே புள்ளி விழும்: அ, ம, ம, ஆ என்று அடித்தால் 'அம்மா'. ந-வை அடுத்து த, ங-வை அடுத்து க என்று இன எழுத்து வந்தாலும் அப்படித்தான்; 'தங்க' என்பதற்கு மூன்றே தட்டு. மெல்லினத்துக்குப் பின் அதன் வல்லினம் வரும் என்பது நாம் பள்ளியில் படித்த இலக்கணம். அதையே விசைப்பலகையின் விதியாக்கியிருக்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது உள்ளேயே இருக்கிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சில வாரங்களில் கை பழகிவிடும்.

தட்டச்சுப் பொறி பழகியவர்கள் பழைய முறையை விட மறுப்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, இருநூற்றுச் சொச்சம் எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்கியது பெரிய சாதனை. புள்ளி விசையை அடித்தால் உருளை நகராது; புள்ளி முதலில், எழுத்து அதன் கீழே பிறகு. லோயர், ஹையர் தேர்வு எழுதித் தட்டச்சர் வேலைக்குப் போன தலைமுறை ஒன்றையே அந்த அமைப்பு உருவாக்கியது. கோத்ரெஜ் நிறுவனமும் 2009வாக்கில் தட்டச்சுப் பொறி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் அந்த இரும்பின் கட்டுப்பாடுகளைக் கணினியில் சுமக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அம்மி, ஆட்டுக்கல்லையும் திரும்பக் கொண்டுவரலாமா?

கூடாது. பழைய கருவிகளைப் போற்றிப் பேசுகிறவர்கள், அதைச் சுற்றியது யாருடைய தோள் என்று சொல்வதில்லை. விடியற்காலையில் ஒரு மணி நேரம் குழவியைச் சுழற்றியது பெண்கள். 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் சுழலும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். கல்லால் மெதுவாக அரைக்கும் முறையை அவர் மாற்றவில்லை. மனித உழைப்பை மட்டும் எடுத்துவிட்டார். மிக்ஸியின் வேகத்தில் மாவு சூடாகும், கிரைண்டரில் ஆகாது. உளுந்து நன்றாகப் பொங்கி வருவதற்கு அது முக்கியம். பெல்ட் அறுந்தால் தெருமுனைக் கடையில் மாற்றித் தருவார்கள். தமிழ்நாட்டில் பிறந்த வீட்டுக் கருவிகளில் இதற்கு முதலிடம் தருவேன்.

மூளைக்கு வேலை தரும் பொழுதுபோக்கு ஒன்று சொல்லுங்கள். ரூபிக் கனசதுரம் நல்லதா?

நல்லது. 1974இல் ஹங்கேரியின் ஏர்னோ ரூபிக் உருவாக்கியது. அதன் நிறங்கள் அமையக்கூடிய வகைகள் 4 லட்சத்து 32 ஆயிரம் கோடி கோடிக்கு மேல். எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 20 திருப்பங்களில் சரிசெய்ய முடியும் என்று 2010இல் நிறுவினார்கள்.

ஆனால் கையில் காசில்லாமல் தொடங்க வேண்டுமானால் சிக்குக் கோலம் போதும். நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வையுங்கள். அடுத்தடுத்த எந்த இரு புள்ளிகளுக்கும் நடுவில் கோடு குறுக்காக வெட்டிக்கொள்ள வேண்டும், ஓரத்தில் வளைந்து திரும்ப வேண்டும். எத்தனை தனித்தனி இழைகள் வரும்? நீளவாட்டுப் புள்ளி எண்ணிக்கைக்கும் அகலவாட்டு எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை. இரண்டுக்கு மூன்று வைத்தால் கையெடுக்காமல் ஒரே இழையில் முடியும். மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று இழைகள். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. வாசலில் வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு பணியாற்றிய ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோரும் 1970களில் கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்கும் கணினியியல் ஆய்வுகளைச் செய்தார்கள். வாசலில் பெண்கள் பல தலைமுறைகளாகப் போட்டது ஒரு கணிதம் என்று அந்த ஆய்வுகள் உலகத்துக்குக் காட்டின. கோலப் போட்டிகளில் வண்ணத்துக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியாவது இழை முடிச்சுக்குத் தர வேண்டும்.

தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் இருக்கிறது. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

தயவுசெய்து உடனே செருகாதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் ஓடும். மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்கள் பல ஆண்டுகள் சும்மா கிடந்ததில் கசியத் தொடங்கியிருக்கும். முழு மின்சாரமும் ஒரேயடியாகப் பாய்ந்தால் அவை வெடிக்கலாம், மாற்றக் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்துபோகலாம். சில மாதிரிகளில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, உலோகச் சட்டமே நேராக மின்சாரத்தோடு இணைந்திருக்கும். அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

முதலில் பின்பலகையைக் கழற்றித் தூசியையும் கரப்பான் கூட்டையும் துடையுங்கள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக் குழல்களான வால்வுகளின் எண்களையும் எது எந்தக் குழியில் இருந்தது என்பதையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வு செட்டில் வேலை செய்த மெக்கானிக் ஒருவரைத் தேடுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் விசாரித்தால் வழி கிடைக்கும். சிற்றூர்களில் பழைய ரேடியோ கடைக்காரர்களுக்கு ஆள் தெரிந்திருக்கும். அவர் காகிதக் கண்டென்சர்களையும் மின்பகு கண்டென்சர்களையும் மாற்றுவார். அதன் பிறகு 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுப்பார். பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் செட் நலம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே நிறுத்திவிட்டு அதைத் தேட வேண்டும்.